வளையத்தை மாற்றியும் நிற்காத பெட்ரோல் கசிவு

கேள்வி: என்னிடம் உள்ள பெட்ரோல் காருக்கு வயது 22. டேங்கை நிரப்பும் நாளில் மட்டும் காருக்குள் பெட்ரோல் வாடை வீசுகிறது. பின் இருக்கையைத் தூக்கிப் பார்த்தால், டேங்கின் மேல் உள்ள பம்ப் மூடியைச் சுற்றி ஈரம் தெரிகிறது. அங்குள்ள ரப்பர் வளையத்தை 6 மாதங்களுக்கு முன்புதான் மாற்றினோம். இப்போது மூடியைச் சுற்றிச் சிலிக்கான் பசை பூசிவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். பூசலாமா? இந்த வேலையை நானே செய்ய முடியுமா?

பதில்: பசை பூச வேண்டாம். சாதாரண சிலிக்கான் பசை பெட்ரோல் பட்டால் ஊறி, பிடிப்பு விட்டு, தோல் போல உரிந்து வரும். உரிந்த துணுக்குகள் டேங்குக்குள் விழுந்தால் பம்பின் அடியில் உள்ள சல்லடையை அடைத்துக்கொள்ளும். கசிவோடு இன்னொரு கோளாறும் சேர்ந்துவிடும்.

நிரப்பும் நாளில் மட்டும் வாடை வருகிறது என்று நீங்கள் கவனித்து எழுதியது மிகவும் உதவுகிறது. டேங்க் நிறையும்போது பெட்ரோல் ஏறக்குறைய மூடியின் மட்டம் வரை வந்துவிடும். வளைவிலும் மேட்டிலும் அலம்பி வளையத்தின் மேல் மோதும். பாதி டேங்கிலும் சொட்டினால், மேலே உள்ள வளையத்தை விட்டுவிட்டுக் கீழே உள்ள ஹோஸையும் டேங்கின் தையல் விளிம்பையும் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே உங்கள் காரில் சந்தேகம் மூடிப் பகுதியின் மீதுதான் விழுகிறது. ஆனால் மூடிப் பகுதி என்றாலே வளையம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

முதலில் அந்த இடத்தைத் துடைத்து, நன்றாக உலர விட்டு, டால்கம் பவுடரை மெல்லிய படலமாகத் தூவுங்கள். காரை நிறுத்திய இடத்திலேயே சில நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். பெட்ரோல் பட்ட இடத்தில் வெள்ளைப் பவுடர் சாம்பல் நிறமாகக் கருத்து, ஓடிய தடத்தைக் கோடாகக் காட்டும். எரிபொருளை இன்ஜெக்டரால் பீய்ச்சும் சாதாரண எஞ்சின்களில் பம்பிலிருந்து வெளியேறும் குழாயில் பெரும்பாலும் 3 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். ஆகவே கார் அசையாமல் நிற்கும்போதே ஹோஸ் முனையில் ஈரம் துளிர்த்தால் குற்றவாளி கிளிப் அல்லது ஹோஸ். பழைய பம்ப் தொகுதிகளில் பிளாஸ்டிக் மூடியில், குழாய் முளைக்கும் அடிப்பகுதியில், மயிரிழை போன்ற விரிசல் விழுவதுண்டு. அந்த விரிசலோடு எத்தனை வளையம் மாற்றினாலும் பயனில்லை. மூடியோடு கூடிய தொகுதியையே மாற்ற வேண்டும். நின்றபோது காய்ந்திருந்து, ஒரு சுற்று ஓட்டி வந்தபின் விளிம்பில் மட்டும் கருத்தால், வளையமும் அது அமரும் இடமும்தான் காரணம்.

வளையம் அமரும் இடம் என்பதை அழுத்திச் சொல்கிறேன், 6 மாதத்தில் மீண்டும் கசிவதற்கு அதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கும். இரும்பு டேங்க்கானால் விளிம்பில் துரு ஏறியிருக்கும். துடைத்த கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும், விரல் நகத்தை அதன் மேல் மெல்லச் சுற்றினால் ஒரு பள்ளத்தில் தட்டும். அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் பெட்ரோல் வெளியேறுகிறது. டேங்கின் வாயைப் பஞ்சு உதிராத துணியால் அடைத்துவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியாலும் நயமான எமெரி தாளாலும் கையாலேயே தேய்க்க வேண்டும். மின்சாரத்தில் சுழலும் கம்பிப் பிரஷ் கூடவே கூடாது. பள்ளம் ஆழமாக இருந்தால் டேங்கையே மாற்ற நேரிடும்.

வளையத்தின் ரப்பரையும் பார்க்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய கால ரப்பர் சிலவற்றை ஊறிப் பருக்கச் செய்யும். வைட்டான் எனப்படும் ஃபுளோரோ ரப்பர் அதை நன்றாகத் தாங்கும். உங்கள் மாடலுக்கான அளவில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கழற்றிய வளையத்தை மறுபடி போடாதீர்கள்: வெளியே எடுத்ததும் அது தன் பள்ளத்தை விடப் பெரிதாக நிற்பதை நீங்களே காண்பீர்கள். புதியதைப் பொருத்தும்போது, மூடியை நேராக இறக்காமல் சாய்த்துத் திருகினால் வளையம் ஓரிடத்தில் உருண்டு மடிந்துவிடும். மூடியில் உள்ள அம்புக்குறியும் டேங்கில் உள்ள குறியும் நேராக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மிதவை சுவரில் இடித்து, அளவுமானி தவறாகக் காட்டும். மூடியை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு வளையத்தை இரும்பு உளியால் தட்டக் கூடாது. பித்தளையோ மரமோ பயன்படுத்துங்கள்.

நீங்களே செய்யலாமா என்று கேட்டீர்கள். கைப்பழக்கமும் பொறுமையும் இருந்தால் செய்யலாம், ஆனால் பெட்ரோல் ஆவியை மதிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அது காற்றை விடக் கனமானது. காரின் தரையிலேயே தேங்கி நிற்கும். காற்றில் 1.4 விழுக்காடு கலந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். ஆகவே திறந்த வெளியில், எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து, டேங்கில் கால் பங்குக்கும் குறைவாகப் பெட்ரோல் இருக்கும்போது செய்யுங்கள். பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டால் குழாயில் உள்ள அழுத்தம் இறங்கிவிடும். அதன் பிறகு, மூடியைத் தொடுவதற்கு முன்பே, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். உலர் பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலையைத் தள்ளிப்போடுங்கள். சரிசெய்யும் வரை டேங்கைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

கேள்வி: இரும்பு டேங்கின் அடியில் ஊசிமுனை ஓட்டை. பெட்ரோலை முழுதும் வடித்துவிட்டு வெல்டிங் வைக்கலாமா?

பதில்: வைக்கவே கூடாது. நிறைந்த டேங்கை விட வடித்த டேங்க் ஆபத்தானது, ஏனெனில் உள்ளே ஆவியும் காற்றும் வெடிக்கும் அளவில் கலந்திருக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும், தையல் விளிம்புக்குள் ஊறிய பெட்ரோல் சூடு பட்டதும் ஆவியாக வெளிவரும். டேங்கை முறைப்படி ஆவி நீக்கிப் பழுது பார்க்கும் தொழிலாளியிடம் கொடுங்கள், அல்லது வேறு டேங்க் மாற்றுங்கள்.