பைஅவுட் செய்தால் பாரம் இறங்குமா?

கேள்வி: எங்கள் ஐஸ் ஹொக்கி அணியின் டிஃபென்ஸ்காரர் ஒருவருக்கு 33 வயது. ஒப்பந்தத்தில் இன்னும் நான்கு வருடம் கிடக்கிறது, வருடத்துக்கு 7 மில்லியன் டொலர். திரும்பி ஓடவே சிரமப்படுகிறார். எதிரணிப் பொடியன்கள் பக்கத்தால் பறந்து போகிறார்கள். சீசன் ரிக்கெற்றில் (ஒரு சீசன் ஆட்டங்களுக்கு மொத்தமாக வாங்கும் ரிக்கெற்) பங்கு விற்கும் அண்ணை ஒருவர், “இந்தக் கோடையில் அவரை பைஅவுட் செய்து அனுப்பிவிடுவார்கள். அந்தக் காசில் இரண்டு நல்ல ஆட்டக்காரர் வருவார்கள். விலை ஏற முதல் மூன்று வருடத்துக்குப் பங்கைப் பிடித்துவிடு” என்று 1,500 டொலர் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். ஏன் என்று விளங்க கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடத்தில் படித்த பின்னக் கணக்குத்தான்.

என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கின் அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு. 2025-26இல் அது 95.5 மில்லியன் டொலர். முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் முழு அணியையும் அந்தக் கோட்டுக்குள் அடக்கவேண்டும். உங்கள் ஆள் அதில் 7 மில்லியனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பைஅவுட் என்றால் மிச்சச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்து அவரை விடுவிப்பது. அந்தக் காசை மிச்ச வருடங்களின் இரண்டு மடங்கு காலத்துக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். நான்கு வருடம் எட்டு வருடமாகிவிடும்.

7 மில்லியனும் வெறும் சம்பளம் என்றால், மொத்தம் 28 மில்லியன். அதில் மூன்றில் இரண்டு பங்கு 18.67. எட்டால் பிரித்தால் வருடம் 2.33 மில்லியன். முதல் நான்கு வருடமும் அணிக்கு வருடம் 4.67 மில்லியன் இடம் கிடைக்கும். அடுத்த நான்கு வருடம், அவர் எங்கேயோ மீன் பிடித்துக்கொண்டிருக்கும்போதும், 2.33 மில்லியன் கணக்கில் கிடக்கும். இது பரவாயில்லாத கதை.

அண்ணை சொல்லாத கதை சைனிங் போனஸ். பெரிய ஒப்பந்தங்கள் பலவற்றில் சம்பளம் என்று எழுதியிருப்பது கொஞ்சம். மிச்சம் ஒப்பமிட்டதற்கான போனஸ். பைஅவுட்டில் போனஸை ஒரு சதம்கூடக் குறைக்க முடியாது. அந்த 7 மில்லியனில் 6 போனஸ், 1 சம்பளம் என்று வையுங்கள். குறைவது அந்த ஒரு மில்லியனில் மட்டும். கணக்கைப் போட்டால் உச்சவரம்பில் மிச்சமாவது வருடம் 667,000 டொலர். 2025-26இல் என்.எச்.எல். ஆட்டக்காரரின் ஆகக் குறைந்த சம்பளமே 775,000. இரண்டு நல்ல ஆட்டக்காரர் எங்கே, கடைசி வரிசையில் இருத்த ஒருவரைக்கூட அந்தக் காசில் பிடிக்க முடியாது. பைஅவுட் வரும் என்று யார் சொன்னாலும் முதலில் கேளுங்கள்: “போனஸ் எவ்வளவு?” சம்பள விபரம் போடும் இணையத்தளங்களில் அதற்கென்று தனி நிரலே இருக்கிறது. இதைக் கேட்டதும் பலருக்கு வேறு அழைப்பு வந்துவிடும்.

நடந்த கதை ஒன்று. ஒலிவர் எக்மன்-லார்சன் என்ற டிஃபென்ஸ்காரருக்கு அரிசோனா அணி எழுதிய ஒப்பந்தம் 8 வருடம், 66 மில்லியன். 2021இல் அதை வன்கூவர் தலையில் வாங்கியது. 2023 ஜூனில், நான்கு வருடம் மிச்சமிருக்க, பைஅவுட் செய்தது. அதன் நிழல் வன்கூவர் கணக்கில் 2030-31 வரை விழும். அவரோ புளோரிடாவுக்கு ஒரு வருடம் 2.25 மில்லியனுக்குப் போய், 2024இல் லீக்கின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். அந்தக் கோடையிலேயே ரொறன்ரோ அவரை வருடம் 3.5 மில்லியனுக்கு எடுத்தது. 2025-26இல் வன்கூவர் கணக்கில் அவருக்காக நிற்கும் தொகை 4.77 மில்லியன். வைத்திருக்கிறவனை விட அனுப்பியவனுக்குச் செலவு அதிகம்! ஆட்டக்காரர் முடிந்துபோகவில்லை, விலைதான் பிழை என்பதையும் கவனியுங்கள். உங்கள் ஆளும் 3 மில்லியனுக்கு ஆடினால் நீங்கள் இப்படிக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

மினசோட்டா கதை இன்னும் மோசம். 2012 ஜூலை 4 அன்று ரயன் சூட்டர், ஸாக் பரிஸே இருவருக்கும் ஆளுக்கு 13 வருடம், 98 மில்லியன். 2021இல் இருவரையும் பைஅவுட் செய்தார்கள். 2023-24, 2024-25 இரண்டு சீசனிலும் தலா 14.74 மில்லியன், அணியில் இல்லாத இரண்டு பேருக்காகப் போனது.

இங்கே எல்லோரும் குழப்புகிற ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆகவேண்டும்: 35 வயது விதி. “ஆளுக்கு 35 ஆகிவிட்டது, இனி பைஅவுட் செய்தும் பயனில்லை” என்று கோப்பிக் கடையில் அடித்துச் சொல்வார்கள். பிழை. பார்க்கவேண்டியது இன்றைய வயதை அல்ல, ஒப்பந்தம் தொடங்கிய வயதை. ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் சீசனுக்கு முந்திய ஜூன் 30 அன்று அவருக்கு 35 ஆகியிருந்தால்தான் விதி பிடிக்கும். பிடித்தால், அவர் ஓய்வு பெற்றாலும் பைஅவுட் வாங்கினாலும் முழுத் தொகையும் உச்சவரம்பில் நிற்கும். அதிலும் ஒரு வருட ஒப்பந்தத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. பல வருட ஒப்பந்தமானாலும், வருடத்துக்கு வருடம் சம்பளம் குறையாமல், முதல் வருடத்துக்குப் பிறகு சைனிங் போனஸும் இல்லாமல் எழுதியிருந்தால் 2020இலிருந்து விதி பிடிப்பதில்லை. சூட்டரைப் பாருங்கள்: பைஅவுட்டின்போது 36 வயது, ஆனால் கையெழுத்திட்டது 27இல். விதி அவரைத் தொடவில்லை. உங்கள் ஆள் 33தானே, 35 ஆவதற்குள் அவசரமாக ஏதாவது செய்தாக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

“நோ மூவ்மென்ட்” உறுதி இருந்தால் பைஅவுட்டே முடியாது என்பதும் பிழை. அது வேறு அணிக்கு மாற்றுவதையும் கீழ் லீக்குக்கு அனுப்புவதையும்தான் தடுக்கும்; அவர் சம்மதித்தால் மாற்றலாம். அப்படி மாற்றும்போது பழைய அணி சம்பளத்தில் பாதி வரை தன் தலையில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் அணிக்கு இதுதான் ஓரளவு மலிவான வழி.

இந்த நிலை ஏன் வருகிறது என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. உச்சவரம்பில் ஏறுவது மொத்தத் தொகையை வருடங்களால் பிரித்த சராசரி. ஐந்து வருடத்துக்குரிய காசை எட்டு வருடத்துக்கு நீட்டினால் இன்றைக்கு இலேசாகத் தெரியும். 28 வயதில் எழுதினால் 36 வரை இழுக்கும். பின்பக்கமாகச் சறுக்கி, சட்டென்று திரும்பி, மூலையில் பக்கை (ஹொக்கி வட்டை) எடுக்கும் வேலை அந்த வயதில் எத்தனை பேருக்கு வரும்? எழுதிய மேலாளருக்கு இது தெரியாதா? தெரியும். கடைசி வருடம் வரும்போது அவர் வேறு அணியில், அல்லது தொலைக்காட்சியில் கருத்துச் சொல்லிக்கொண்டிருப்பார். லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்த புதிய கூட்டு ஒப்பந்தப்படி, 2026-27 முதல் சொந்த ஆட்டக்காரருக்கு எழுதும் ஒப்பந்தத்தின் 8 வருட உச்சம் 7 ஆகவும், வெளியாருக்கு 7 வருடம் 6 ஆகவும் குறைகிறது. ஒரு வருடம்! இதற்கு இத்தனை மாதப் பேச்சுவார்த்தை.

சரி, அண்ணை விடயம். ரிக்கெற் பங்கில் நானும் ஒருமுறை மாட்டினேன். “பத்து ஆட்டம்” என்று சொன்னவர் கொடுத்தது திங்கள், செவ்வாய் இரவுகள். மொன்றியல் அணி ஆட வந்த சனிக்கிழமைகள் அவருடைய மைத்துனருக்குப் போயின. எழுத்தில் ஒன்றும் இல்லாததால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். கணக்கு யாருடைய பெயரில், எந்தெந்தத் தேதிகள், பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிச் சுற்று) ஆட்டத்தில் உங்களுக்கு உரிமை உண்டா, இரண்டாம் வருடம் விலை ஏறினால் யார் கட்டுவது என்ற நான்கையும் எழுதிக் கையெழுத்திடாமல் இ-ட்ரான்ஸ்ஃபர் அனுப்பாதீர்கள். போன பின் திரும்ப எடுப்பது பெரும்பாடு. மூன்று வருடமும் வேண்டாம், ஒரு வருடம் போதும். 1967க்குப் பிறகு கோப்பை வராத ரொறன்ரோவில் “விலை ஏறமுதல் பிடி” என்று எத்தனை தலைமுறையாகச் சொல்கிறார்கள்!

பைஅவுட் காலம் வழக்கமாக ஜூன் நடுவில், இறுதி ஆட்டம் முடிந்த பின் திறந்து, ஜூன் 30 அன்று மூடும். அண்ணைக்கு அவ்வளவு நிச்சயம் என்றால், பைஅவுட் நடந்த பிறகு ஜூலையில் முற்பணம் வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள்.