மூங்கில் குழாயும் முப்பது பிள்ளைகளும்: மசேடாவைக் கேட்பது, வாசிப்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிலிப்பைன்ஸ் இசையமைப்பாளர்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்துவிட்டு, ஹோசே மசேடாவின் ‘உக்னாயன்’ பதிவை ஹெட்ஃபோனில் முழுதும் கேட்டேன். மழை இரைச்சல் போலத்தான் இருந்தது. மெட்டு இல்லை, தாளமும் பிடிபடவில்லை. தம்பூராவைப் போல ஒரு சுருதி ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? இதில் இசையமைப்பாளர் செய்த வேலைதான் என்ன?

நான் பள்ளியில் இசை ஆசிரியராக இருக்கிறேன். பயிற்சி இல்லாதவர்களும் மசேடாவின் படைப்புகளை வாசித்திருக்கிறார்கள் என்று அறிந்து, முப்பது மாணவர்களை வைத்து முயன்றேன். மூங்கில் கிடைக்காததால் அடி மூடிய பிவிசி குழாய்கள், ஆறு அளவு: 40, 42, 44 என்று 50 செ.மீ. வரை. மைதானத்தில் பெரிய வட்டமாக நிறுத்தி, ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தட்டும்படி சொல்லிக்கொடுத்தேன். நான் கையால் தாளம் போட்டேன். இரண்டு நிமிடத்தில் எல்லோரும் ஒரே அடியில் சேர்ந்து தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று முறையும் இதே கதை. எங்கே தவறு? மசேடாவைத் தவிர வேறு யாரையெல்லாம் கேட்க வேண்டும்?

ம.

அன்புள்ள ம.,

ஹெட்ஃபோனிலிருந்து தொடங்குகிறேன். ‘உக்னாயன்’ இரண்டு காதுக்காக எழுதப்பட்ட படைப்பு அல்ல. 1974 ஜனவரி 1 அன்று மாலை, மணிலா வட்டாரத்தின் இருபது வானொலி நிலையங்கள் ஒரே நேரத்தில் இருபது வெவ்வேறு ஒலிநாடாக்களை ஒலிபரப்பின. ஒவ்வொன்றும் 51 நிமிடம். மக்கள் டிரான்சிஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு பூங்காவுக்கும் சதுக்கத்துக்கும் தெருவுக்கும் வர வேண்டும், ஆளுக்கொரு நிலையத்தைத் திருப்பி வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு நாடாவில் மூங்கில் தந்திக்கருவி, இன்னொன்றில் ஊதல், மற்றொன்றில் மரக்கட்டைத் தட்டு. இருபதும் சேரும் இடம் ஒலிப்பதிவுக் கூடம் அல்ல, தெருவில் நிற்பவரின் காது. நடந்தால் கலவை மாறும். பக்கத்தில் இருப்பவர் ரேடியோவைத் திருப்பினாலும் மாறும். ஒரே இரவில் இருபது நிலையங்களை ஒரு இசையமைப்பாளருக்குத் திறந்துவிட முடிந்ததற்குக் காரணம் அப்போது நடப்பில் இருந்த ராணுவச் சட்டமும் அன்றைய அதிபரின் மனைவி இமெல்டா மார்கோஸின் ஆதரவும்தான். இதை மறைத்துவிட்டு அந்தப் படைப்பைப் புகழ்வது சரியல்ல.

இருபது தடங்களையும் இரண்டு தடமாகச் சுருக்கினால் தூரம் போய்விடுகிறது. எல்லாம் ஒரே சுவரில் பூசிய சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடுகிறது, நீங்கள் கேட்ட மழை அதுதான். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டு, அறையில் நடந்தபடி கேளுங்கள். முதல் பத்து நிமிடம் ஒரே ஒரு ஒலியை, உதாரணமாக ஊதலை மட்டும், எங்கே போகிறது எங்கே வருகிறது என்று பின்தொடருங்கள். பிறகு அதை விட்டுவிட்டுக் கட்டைத் தட்டைப் பிடியுங்கள். எந்த ஒலி அடர்கிறது, எது கலைகிறது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அது நடக்கிறது என்பதில்தான் இசையமைப்பாளரின் கை தெரியும். மெட்டை எழுதுபவர் ஸ்வரங்களை வரிசைப்படுத்துகிறார். மசேடா ஆட்களை வரிசைப்படுத்தினார். யார் எங்கே நிற்பது, எதைத் தட்டுவது, எத்தனையாவது நொடியில் நிறுத்துவது என்பதே அவருடைய எழுத்து.

இந்த இடத்துக்கு அவர் வெகுதூரம் சுற்றித்தான் வந்தார். 1917இல் மணிலாவில் பிறந்தவர். பாரிஸில் ஆல்ஃபிரெட் கோர்ட்டோவிடம் பியானோ பயின்று, கச்சேரிக் கலைஞராகவே வாழ்க்கையைத் தொடங்கினார். 1950களில் தம் நாட்டின் மலைக்குடிகளிடமும் தெற்கின் முஸ்லிம் சமூகங்களிடமும் போய் இசையைப் பதிவு செய்ய ஆரம்பித்தார். 1958இல் பாரிஸின் ஒலிநாடா இசைக்கூடத்தில் வேலை செய்தார். 1963இல் லாஸ் ஏஞ்சலஸில் இனவரைவிசையில் (மக்களின் இசையை அவர்கள் வாழ்க்கையோடு சேர்த்து ஆராயும் துறை) முனைவர் பட்டம். களப்பதிவும் நாடா வேலையும் ஒரே ஆளிடம் கூடியதால்தான், மூங்கிலைக் கேட்கும்போதே அதை நூறாகப் பெருக்கிப் பார்க்க அவருக்குத் தோன்றியது. அவர் திரட்டிய பதிவுகள் 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன.

தம்பூரா ஒப்பீட்டுக்கு வருகிறேன். பாதி சரி. நிலைச்சுருதி ஒன்றின்மேல் மெட்டு நகர்வதுதான் பிலிப்பைன்ஸ் மரபிசையின் அடிப்படை என்று மசேடாவே விரிவாக எழுதியிருக்கிறார். தெற்குத் தீவான மிண்டனாவோவின் குலின்டாங்கில், நடுவில் குமிழ் வைத்த எட்டுச் சிறு காங்குகள் (தட்டி ஒலிக்கும் உலோக வட்டுகள்) வரிசையாகப் படுத்திருக்கும், மெட்டு அவற்றில். பக்கத்தில் தொங்கும் பெரிய அகுங்கும் மற்ற காங்குகளும் திரும்பத் திரும்ப ஒன்றையே தட்டிக்கொண்டிருக்கும். ஆனால் தம்பூராவின் சுருதி அறுபடாத இழை. இங்கே அது தட்டுகளால் ஆனது. ஒவ்வொரு தட்டும் தனி ஆளின் கையிலிருந்து வருகிறது. அந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டே போனால் நிலைச்சுருதியே முழுப் படைப்பாகிவிடும். மசேடா செய்தது அதைத்தான். 1968இன் ‘பக்சம்பா’வில் 241 பேர். தகலாக் மொழியில் திருப்பலி வாசகம், பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் டிலிமான் வளாகத்தில் உள்ள வட்டமான தேவாலயத்தில், வாசிப்பவர்களும் பாடுபவர்களும் கேட்பவர்களுக்கு நடுவே கலந்து உட்கார்ந்திருந்தார்கள். 1971இன் ‘கசெட்ஸ் 100’இல் நூறு பேர் ஆளுக்கொரு கேசட் ரெக்கார்டரைச் சுமந்துகொண்டு மணிலா கலாச்சார மையத்தின் முன்கூடத்தில் நடந்தார்கள்.

இப்போது உங்கள் முப்பது பிள்ளைகள். தவறு அவர்களிடம் இல்லை. மூன்று விஷயங்கள் சேர்ந்து இடித்திருக்கின்றன.

முதலாவது தூரம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். வட்டத்தின் குறுக்களவு 25 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், எதிர்ப்பக்கத்துத் தட்டு ஏறத்தாழ 0.07 நொடி தாமதமாக வந்து சேரும். நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை வேகத்தில் ஓர் எண்ணிக்கை அரை நொடி. அதில் ஏழில் ஒரு பங்கு பிசகினால் கோத்து வாசிப்பது உதிர்ந்துவிடும். காதை நம்ப முடியாத பிள்ளை கண்ணை நம்பும். கண் முன்னால் இருந்தது உங்கள் கை.

இரண்டாவது அந்தக் கை. ஆதி தாளம் பழகிய பிள்ளைகளுக்குச் சமம் (தாளச் சுற்றின் முதல் அடி) விழுகிற இடத்தில் தட்டாமல் இருப்பது மிகவும் கடினம். கலிங்கா மக்களின் குழாய் இசையில் (லூசோன் தீவின் வடக்கு மலைக்குடிகள், நம் கலிங்கத்தோடு பெயர் ஒற்றுமை மட்டுமே) பொதுவான சமத்தை யாரும் காட்டுவதில்லை. ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் தட்டுபவரை மட்டும் பிடித்துக்கொள்கிறார்.

மூன்றாவது அளவு. அடி மூடிய குழாயின் சுருதியைக் கணக்கிட, 343ஐக் குழாய் நீளத்தின் நான்கு மடங்கால் (மீட்டரில்) வகுக்க வேண்டும். 40 செ.மீ. குழாய் சுமார் 214 ஹெர்ட்ஸ், 42 செ.மீ. சுமார் 204. இடைவெளி ஒரு அரைச்சுரம் அளவுதான். ஆறு குழாய்களும் ஒன்றையொன்று ஒட்டி நின்றால், தன் தட்டு எது அடுத்தவர் தட்டு எது என்று பிள்ளைக்கே தெரியாது. 30, 35, 41, 48, 56, 66 என்று வெட்டுங்கள். ஒரு ஸ்தாயிக்குச் சற்று அதிகமான பரப்பு கிடைக்கும், ஒவ்வொரு குழாயும் தனித்துக் கேட்கும். எந்த ராகத்துக்கும் பியானோவுக்கும் பொருத்த முயல வேண்டாம்.

மூங்கில் கிடைத்தால் அதையே எடுங்கள். உள்ளே உள்ள கணுக்களையெல்லாம் இரும்புக் கம்பியால் குத்தித் திறந்துவிட்டு, அடிக் கணுவை மட்டும் விட வேண்டும். பச்சை மூங்கிலை நிழலில் நன்றாக உலரவிட்ட பிறகே கடைசி அளவுக்கு வெட்டுங்கள். வெயிலில் போட்டால் நீளவாக்கில் வெடிக்கும், மயிரிழை வெடிப்பு இருந்தாலும் குழாய் ஊமையாகிவிடும். மண்ணில் இடித்தால் சத்தம் எழாது, சிமென்ட் தரையில் இடித்தால் அடி சிதையும். தட்டையான கல்லோ, தடித்த மரப்பலகையோ போட்டுக்கொள்ளலாம். செங்குத்தாகப் பிடித்து, இடித்ததும் குழாயை அழுத்தி வைக்காமல் உடனே தூக்க வேண்டும். மேல்வாயை உள்ளங்கையால் மூடித் திறந்தால் அதே குழாயில் இன்னொரு நிறம் கிடைக்கும். டொங்காட்டொங் என்று கலிங்கா மக்கள் சொல்லும் கருவி இதுதான்.

வாசிக்கும் முறை இப்படி இருக்கட்டும். ஆறு பேர் ஒரு குழு, ஆளுக்கு ஒரு குழாய், முழங்கால் முட்டுகிற நெருக்கத்தில் உட்கார வேண்டும். எட்டு எண்ணிக்கை ஒரு சுற்று. முதல் குழாய் 1லும் 4லும் தட்டும். இரண்டாவது அதே வடிவத்தை ஓர் எண்ணிக்கை தள்ளி 2லும் 5லும், அடுத்தது 3, 6, பிறகு 4, 7, பிறகு 5, 8. ஆறாவது 6லும் அடுத்த சுற்றின் 1லும். எல்லோரும் வந்து சேர்ந்ததும் எட்டு இடமும் நிரம்பிவிடும், சில இடங்களில் இருவர் மோதுவார்கள். அந்த மோதல்களிலிருந்து யாரும் வாசிக்காத ஒரு மெட்டு மேலே எழும். வேகம் முதலில் நிமிடத்துக்கு 60. முதல் ஆள் நான்கு சுற்று தனியாகத் தட்டியபின் இரண்டாமவர், இன்னும் நான்கு சுற்றுக்குப் பின் மூன்றாமவர். ஒருவர் வழுக்கினால் எல்லோரையும் நிறுத்த வேண்டாம். வழுக்கியவர் மட்டும் குழாயைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டு சுற்று கேட்டுவிட்டு மறுபடி நுழையட்டும். பலமாகத் தட்டும் பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும், மற்றவர்கள் அதைச் சமமாக எடுத்துக்கொண்டு அதன்மேல் விழுவார்கள். அந்தப் பிள்ளைக்கு மிக நீளமான குழாயைக் கொடுத்து மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். நீங்கள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இது கைவந்தபின் மைதானத்துக்குப் போகலாம், ஆனால் வேறு விதிகளோடு. ஐந்து குழுக்களையும் முப்பது மீட்டர் இடைவெளியில் உட்கார வைத்து, ஒரு குழுவை இன்னொன்றோடு சேர்க்க முயலாமல் விடுங்கள். ஒவ்வொரு குழுவிடமும் ஒரு கடிகாரம். முதல் குழு தொடக்கத்திலிருந்து, இரண்டாவது 90வது நொடியில், மூன்றாவது 180வது நொடியில் என்று நுழைவதையும் ஓய்வதையும் மட்டும் எழுதிக்கொடுங்கள். தூரத்தால் வரும் பிசகு இப்போது பிழையாக இருக்காது, அதுவே அடர்த்தியாக மாறும். 1975இல் மசேடாவின் ‘உட்லோட்-உட்லோட்’ படைப்பைப் பல்கலைக்கழக வளாகத்தின் திறந்தவெளியில் நூற்றுக்கணக்கான உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வாசிக்க முடிந்ததற்கு இந்தத் தளர்வே காரணம். நெருங்கினால் கோர்ப்பு, விலகினால் மேகம். உங்கள் வட்டத்தில் மேகத்துக்கான தூரத்தில் கோர்ப்பை எதிர்பார்த்திருக்கிறீர்கள்.

மற்றவர்களைப் பற்றி. பழையவரான நிகானோர் அபெலார்டோவிலிருந்து போங்கள். குண்டிமான் என்ற காதல் பாட்டு வடிவம் மூன்றன் நடையில் நடக்கும், துயரச் சாயலான மைனரில் தொடங்கிப் பிற்பாதியில் மேஜருக்கு மாறும். நம் கணக்கில் சொன்னால், ஆதார ஷட்ஜம் அப்படியே இருக்க, சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகத் திறப்பது முக்கியமான மாற்றம். 1923இன் ‘நசாஆன் கா இரோக்’, 1926இன் ‘முத்யா நங் பாசிக்’ இரண்டிலும் பியானோ வெறும் பக்கவாத்தியமாக ஒதுங்கி நிற்பதில்லை. 1931இல் சிகாகோ போய்ப் படித்தபின் அவருடைய ஒத்திசைவு கூர்மையாக மாறியது. 1934இல், 41 வயதில் இறந்துவிட்டார். பிலிப்பைன்ஸ் இசைக்கு நேர்ந்த பெரிய இழப்பாக நான் இதைத்தான் சொல்வேன்.

லூசியோ சான் பெட்ரோவின் ‘சா உகோய் நங் டுயான்’ தாலாட்டு, வரிகள் லெவி செலெரியோவுடையவை. பாடகர் குழு வைத்திருப்பவருக்கு எளிதில் கைக்கு எட்டும்.

லுக்ரேசியா காசிலாக்கைப் பலர் மசேடாவோடு ஒரே பெட்டியில் வைக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 1959இல் அவர் எழுதிய தாளக்கருவி-காற்றுக்கருவி டொக்காட்டாவில் தெற்கத்திய காங்குகளும் மேற்கத்தியக் காற்றுக்கருவிகளும் ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வடிவம் மேற்கத்தியது, நிறம் உள்ளூர். மசேடா தலைகீழ். அவர் பிற்காலத்தில் ஐந்து பியானோவுக்கு எழுதியபோதுகூட உள்ளே ஓடியது காங்குக்குழுவின் பங்கீடுதான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் உடனே பிடிபடும்.

ஃப்ரான்சிஸ்கோ ஃபெலிசியானோ பெர்லினில் கொரிய இசையமைப்பாளர் இசாங் யுன்னிடம் பயின்றவர், ஆசியத் தேவாலய இசைக்கென்று மணிலாவில் ஒரு பயிலகம் நிறுவினார். அவருடைய ‘பொக்பொக் அலிம்பாக்கோ’ முழுக்கக் குரல், ஆனால் அசைகள் தட்டுக்கருவியாக வேலை செய்கின்றன. ஜோனாஸ் பயேஸ் மிண்டோரோ தீவின் இராயா-மங்யான் மக்களிடம் களப்பணி செய்தவர். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் மத்தியாஸ் ஷ்பாலிங்கரிடம் படித்த கறார் அவருடைய எழுத்தில் தெரியும். கேட்க வந்தவர்களையும் அவர் வாசிப்பவர்களாக்கிவிடுவார்.

கடைசியாக, பிள்ளைகளுக்குப் படமாகக் காட்ட ஒன்று. 1963இல் ஆண்ட்ரியா வெனெராசியோன் தொடங்கிய பிலிப்பைன் மாட்ரிகல் சிங்கர்ஸ், ஐரோப்பாவின் பெரும் பாடகர் குழுப் பரிசை 1997இலும் 2007இலும் வென்றவர்கள். அரைவட்டமாக உட்கார்ந்து பாடுவார்கள், எதிரே கைகாட்ட யாரும் நிற்பதில்லை. வரிசையின் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரே தலைமை. ஒலியை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். ஒரு நுழைவுக்கு முன்னால் அவர்களுடைய தோளும் மூச்சும் எப்படி அசைகின்றன என்று பிள்ளைகள் பார்க்கட்டும். அதன்பிறகு குழாய்களைக் கொடுங்கள்.