அழைப்பாணையில் உள்ள சொற்கள் எதைச் சொல்கின்றன?

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். விவாகமாகிப் பதினொரு ஆண்டுகள், இரண்டு பிள்ளைகள். நல்லூரில் கணவரின் பெற்றோர் வீட்டில் வாழ்ந்தவர், அடியும் ஏச்சும் தாங்காமல் மூன்று ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகளுடன் தம் சீதன வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றத்திலிருந்து வந்துள்ள தாள்களில், அவர் ‘எதிராளி’ என்றும் கணவரைத் ‘தீங்கெண்ணத்துடன் கைவிட்டவர்’ என்றும் எழுதப்பட்டிருக்கிறது. இது குற்ற வழக்கா, வீடு போய்விடுமா, பெரியப்பா எழுதிக்கொண்டு வந்திருக்கும் ‘இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்கிறோம்’ என்ற கடிதத்தில் கையெழுத்திட்டால் எல்லாம் சுமுகமாக முடியுமா என்பன அவருடைய கேள்விகள்.

சகோதரி, முதலில் மனதை ஆற்றிக்கொள்ளுங்கள். வழக்கைத் தொடுத்தவர் வழக்காளி, அதற்கு விடை சொல்ல வேண்டியவர் எதிராளி. அந்தச் சொல்லில் பழியும் இல்லை, பகையும் இல்லை. இது குடியியல் வழக்கு. இதில் கைதோ மறியலோ கிடையாது. ஆனால் அழைப்பாணையில் குறித்த நாளில் நீங்களோ உங்கள் சட்டத்தரணியோ தோன்றாவிட்டால், உங்கள் பக்கத்தைக் கேளாமலே ஒருதலையாக விசாரித்துத் தீர்ப்பளிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

‘தீங்கெண்ணத்துடன் கைவிடல்’ என்பதில்தான் உங்கள் வழக்கின் உயிர் இருக்கிறது. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்கு மூன்று காரணங்களையே ஏற்கிறது: விவாகத்துக்குப் பின் வேறொருவருடன் உறவு கொள்ளல், தீங்கெண்ணத்துடன் கைவிடல், விவாகத்தின்போதே இருந்த, குணப்படுத்த முடியாத தாம்பத்திய இயலாமை. வீட்டை விட்டுப் படியிறங்கியவரே கைவிட்டவர் என்று ஊரில் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. நியாயமான காரணமின்றி, இல்வாழ்வை முடிக்கும் எண்ணத்துடன் நடந்துகொண்டவர் யார் என்பதையே அது கேட்கிறது. ஒருவர் தம் கொடுமையால் மற்றவரை வெளியேறச் செய்திருந்தால், வீட்டிலேயே இருந்தவர்தான் சட்டத்தின் பார்வையில் கைவிட்டவர் ஆகிறார். ஆகவே நீங்கள் வெளியேறிய நாள், அதற்கு முன் நடந்தவை, பொலிஸில் கொடுத்த முறைப்பாடு, ஆஸ்பத்திரித் துண்டு, அயலவர் கண்டது ஆகியவையே உங்கள் விடையின் அடித்தளம். அந்த விடையிலேயே எதிர்க்கோரிக்கை வைத்து, கணவரின் தவறைக் காட்டி நீங்களும் விவாகரத்துக் கேட்கலாம்.

பெரியப்பாவின் கடிதத்துக்கு வருகிறேன். அவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்; ஆனாலும் தயவுசெய்து அதில் கையெழுத்திட வேண்டாம். பொதுச் சட்டத்தின்கீழ் இருவரின் சம்மதம் மட்டும் விவாகரத்துக்குக் காரணமாகாது. மலைநாட்டுச் சிங்களவருக்கான கண்டியச் சட்டத்தின்கீழ் விவாகம் செய்தோருக்கு அந்த வழி உண்டு, உங்களுக்கு இல்லை. அதனிலும் பெரிய ஆபத்து வேறொன்று. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி, தம்மைத் தாமே பராமரிக்க முடியாத மனைவி, வசதியிருந்தும் பராமரிக்க மறுக்கும் கணவரிடமிருந்து நீதவான் நீதிமன்றத்தில் மாதாந்தத் தாபரிப்பு, அதாவது வாழ்க்கைச் செலவுக்கான பணம், கோரலாம். ஆனால் இருவரும் பரஸ்பர சம்மதத்துடன் பிரிந்து வாழ்ந்தால் அவருக்கு அந்தக் கட்டளை கிடையாது என்று அதே சட்டம் சொல்கிறது. சமாதானத்துக்காகப் பொலிஸிலும் கிராம அலுவலரிடமும் எழுதிக் கொடுத்த ஒற்றை வரி, பின்னர் அந்தப் பெண்ணுக்கு எதிராகவே நீட்டப்படுவதைக் கண்டு நான் வருந்தியிருக்கிறேன். பிள்ளைகளின் தாபரிப்பு வேறு. அது அவர்களுடைய உரிமை. பெற்றோரில் யார் பிழை என்பதைப் பொறுத்து அது அற்றுப்போகாது.

தாபரிப்பு என்ற ஒரே சொல்லை மூன்று இடங்களில் கேட்பீர்கள். நீதவான் நீதிமன்றத்தில் கேட்பது ஒன்று. விவாகரத்து வழக்கு நடக்கும் காலத்துக்கென மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் தனி மனு மூலம் கேட்பது இன்னொன்று. விவாகரத்து முடிவான பின் நிரந்தரமாகவோ மொத்தமாகவோ கிடைப்பது மூன்றாவது. இவற்றில் எதை உங்கள் சார்பில் கோரப்போகிறார் என்று உங்கள் சட்டத்தரணியிடமே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘கட்டுக்காப்பு’ என்பது பிள்ளை யாருடன் வாழ்வது என்பது பற்றியது. அது உங்களுக்குக் கிடைத்தாலும் தகப்பன் வந்து பார்க்கும் உரிமை பொதுவாக இருக்கும். நீதிமன்றம் இதில் பிள்ளையின் நலனையே முதன்மையாகக் கொள்கிறது.

தீர்ப்பு வந்தவுடன் விவாகம் முடிந்துவிட்டது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். முதலில் வருவது ‘டிக்ரி நைசை’ எனப்படும் இடைக்காலத் தீர்ப்பாணை. குறைந்தது மூன்று மாதங்கள் கழிந்த பின்னரே அது ‘டிக்ரி அப்சலூட்’ எனும் முடிவான தீர்ப்பாணை ஆகிறது. அதுவரை நீங்கள் சட்டப்படி கணவன் மனைவியே. அதற்கிடையில் மறுமணம் செய்தால் அந்த மணம் செல்லாது.

இனி வீடு. யாழ்ப்பாணத் தமிழர்களுக்கு அவர்களின் வழமைச் சட்டமான தேசவழமையும், 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் பொருந்துகின்றன. உங்கள் பெயரில் சீதன உறுதி எழுதப்பட்ட வீடு உங்கள் தனிச்சொத்து. விவாகரத்தானதால் மட்டும் அது கணவருக்குப் போய்விடாது. ஆனால் விவாகம் நீடிக்கும்வரை அதை விற்கவோ ஈடுவைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. அவர் நியாயமின்றி மறுத்தால் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். விவாக காலத்தில் பெறுமதி கொடுத்து வாங்கியது ‘தேடியதேட்டம்’. கணவரும் பங்கு கேட்கக்கூடியது அதில்தான். ஆனால் சீதனக் காணியை விற்ற காசில் வாங்கியது தேடியதேட்டம் ஆகாது. எனவே எந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் உறுதிகளையும் வங்கிப் புத்தகங்களையும் இன்றே ஒன்றுசேருங்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இயங்குகிறது. வருமானம் குறைந்தோருக்கு அங்கு உதவி கிடைக்கும். அழைப்பாணை, அதனுடன் வந்த கணவரின் வழக்கு முறைப்பாடு, விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், சீதன உறுதி ஆகியவற்றுடன், தவணைக்கு முதல்நாள்வரை காத்திராமல் இந்தக் கிழமைக்குள்ளேயே போய்விடுங்கள். இப்போதும் அடி, மிரட்டல் தொடருமானால் அதையும் அங்கே சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை பெறலாம், அதற்கு விவாகரத்து வழக்கு முடியும்வரை பொறுத்திருக்கத் தேவையில்லை.