புளூபேர்ட் கூட்டுப் பெட்டி: காசை எதில் போடுவது?

பிப்ரவரி பிறந்தால் போதும், அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் புளூபேர்ட் ஜோடிகள் கூடு கட்ட இடம் தேடத் தொடங்கிவிடும். நீல முதுகும் செங்காவி மார்புமான இந்தப் பறவைக்கு மரத்தைக் குடையும் அலகு கிடையாது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்தை விட்டால், நாம் வைக்கும் பெட்டிதான் கதி. பெட்டி வாங்குவது, வைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: 20 டாலருக்கும் பெட்டி கிடைக்கிறது, 80 டாலருக்கும் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? (எடிசன், நியூ ஜெர்சி)

வாசலை அளந்து பார்த்து வாங்குங்கள். வட்ட ஓட்டையின் விட்டம் 1½ அங்குலம் இருக்க வேண்டும். 2 அங்குலம் என்றால் மைனா குடும்பத்து ஸ்டார்லிங் உள்ளே புகுந்துவிடும். (மேற்கு மாநிலங்களில் இருக்கும் மேற்கு புளூபேர்ட், மலை புளூபேர்ட் இரண்டுக்கும் 1 9/16 அங்குலம்.) பலகை முக்கால் அங்குலத் தடிப்பில், ரசாயனம் ஏற்றாத சீடர் அல்லது பைன் மரமாக இருக்கட்டும். மெல்லிய பிளாஸ்டிக்கும் தகரமும் கோடை வெயிலில் முட்டையை வேகவைத்துவிடும்.

தரை 4×4 முதல் 5×5 அங்குலம். ஓட்டையிலிருந்து தரைக்குக் குறைந்தது 5 அங்குல ஆழம் வேண்டும். குறைந்தால் ரக்கூன் (மரமேறும் இரவுப் பிராணி) கையை விட்டு எடுத்துவிடும். தரை மூலைகளில் நீர் வடிய ஓட்டை, கூரைக்கு அடியில் காற்றுக்கு இடைவெளி, வாசலுக்கு உள்பக்கம் குஞ்சு பற்றி ஏறக் கீறல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கவாட்டிலோ முன்பக்கமோ திறக்க முடியாதபடி ஒட்டிய பெட்டியை எடுக்கவே வேண்டாம். சுத்தம் செய்ய வழியில்லாமல் போகும்.

வாசலுக்குக் கீழே குச்சி வைத்த பெட்டியும் வேண்டாம். அந்தக் குச்சி புளூபேர்டுக்குத் தேவைப்படாது, போட்டிக்கு வரும் சிட்டுக்குருவிக்குத்தான் வசதி. ஏற்கெனவே வாங்கியிருந்தால் குச்சியை அறுத்துவிடுங்கள். வாசல் பெரிதாக இருந்தால் 1½ அங்குல ஓட்டையுள்ள உலோகத் தகடு தனியாகக் கிடைக்கிறது. அதை வாசலில் வைத்துத் திருகிவிடுங்கள். "புளூபேர்ட் ஹவுஸ்" என்று அட்டையில் அச்சிட்டிருப்பது எதற்கும் உத்தரவாதமல்ல. 1978-இல் தொடங்கிய வட அமெரிக்க புளூபேர்ட் சங்கம் சில பெட்டிகளுக்கு அங்கீகாரம் தருகிறது. அது இருந்தால் நம்பி வாங்கலாம்.

கேள்வி: வேலியில் பெட்டி மாட்டினோம். ஐந்து முட்டை இருந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் ஒன்றுகூட இல்லை, கூடு மட்டும் கலையாமல் இருக்கிறது. பெட்டியை மாட்டும் கம்பமும், பிராணிகள் ஏறாமல் காக்கும் தடுப்பும் சேர்ந்தால் பெட்டியைவிட விலை அதிகம். அவசியம்தானா? (ராலே, வட கரோலினா)

அவசியம். பெட்டியில் மிச்சம் பிடித்தாவது இதற்குச் செலவழியுங்கள். கூடு கலையாமல் முட்டை மட்டும் மொத்தமாகக் காணாமல் போனால் பெரும்பாலும் பாம்பு. கூட்டுப் புல் வாசல் வழியே வெளியே இழுபட்டுக் கிடந்தால் ரக்கூன் அல்லது பூனை. வேலியிலும் மரத்திலும் இவை எல்லாமே ஏறும்.

நீங்களே செய்தால் செலவு குறையும். அரை அங்குல ரீபார் கம்பி 4 அடி வாங்கிப் பாதியைத் தரையில் அடித்து இறக்குங்கள். அடிப்பதற்குச் சில நாள் முன்பே 811 என்ற தொலைபேசி எண்ணை அழைத்து, அந்த இடத்தில் எரிவாயு, மின்சார இணைப்பு போகிறதா என்று குறித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், இது இலவசம். கம்பியின் மேல் அரை அங்குல கான்டியூட் குழாயை (மின்கம்பி செல்லும் உலோகக் குழாய்) 5 அடிக்குச் செருகி, அதன் உச்சியில் பெட்டியை மாட்டுங்கள். வாசல் சுமார் 5 அடி உயரத்தில் வரும்.

தடுப்புக்கு 8 அங்குல விட்டம், 24 அங்குல நீளத்தில் அடுப்புப் புகைக்குழாய் போதும். அதன் மேல்வாயை நெருக்கமான கம்பிவலையால் மூடி, பெட்டிக்குச் சற்றுக் கீழே தொங்கவிடுங்கள். இறுக்கிப் பொருத்தாதீர்கள், ஆட வேண்டும். கம்பத்தில் ஏறும் பாம்பு தடுப்புக்குள் போய் வலையில் முட்டித் திரும்பும்; ரக்கூனுக்குக் கட்டிப்பிடித்து ஏறப் பிடி கிடைக்காது. கடையில் விற்கும் சிறிய கூம்புத் தடுப்பைப் பெரிய பாம்பு தாண்டிவிடும். கம்பத்தில் கிரீஸ் தடவும் யோசனையை விட்டுவிடுங்கள். சீக்கிரம் காய்ந்துவிடும், இறகில் பட்டால் பறவைக்குக் கெடுதல்.

இடம் திறந்த புல்தரையாக இருக்கட்டும். மரக்கிளை 10 அடிக்குள் வந்தால் மேலிருந்து குதிக்கும் பிராணிக்கு இந்தத் தடுப்பெல்லாம் பொருட்டல்ல.

கேள்வி: எங்கள் பெட்டியில் சிட்டுக்குருவி குடிவந்திருக்கிறது. எங்களுக்குச் சந்தோஷம்தான். பக்கத்து வீட்டுக்காரரோ கூட்டை எடுத்துப் போடச் சொல்கிறார். பாவமில்லையா? (பிளேனோ, டெக்சஸ்)

நம் ஊரில் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் கூடு கட்டும் அதே குருவிதான். அங்கே அதற்குப் பெட்டி வைப்பது நல்ல காரியம். அமெரிக்காவில் அது 1850களின் தொடக்கத்தில் புரூக்ளினில் கொண்டுவந்து விடப்பட்ட பறவை. பெட்டிக்காகச் சண்டை போட்டு, உள்ளே இருக்கும் புளூபேர்டைத் தலையில் கொத்திக் கொன்று, அதன் மேலேயே கூடு கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது சரி.

ஆனால் முதலில் யாருடைய கூடு என்று உறுதி செய்யுங்கள். மெல்லிய புல்லோ பைன் ஊசியிலையோ கொண்டு அழகான கிண்ணமாக, வெளிர்நீல முட்டையோடு இருந்தால் புளூபேர்ட். முட்டை சில சமயம் வெள்ளையாகவும் இருக்கும், புள்ளி மட்டும் இருக்காது. இறகு, காகிதத் துண்டு, முரட்டுப் புல் எல்லாம் திணித்து, முட்டையில் பழுப்புப் புள்ளி இருந்தால் சிட்டுக்குருவி. 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் புளூபேர்டையும் அதன் முட்டையையும் காக்கிறது. சிட்டுக்குருவி அந்தப் பாதுகாப்பில் இல்லை.

முட்டை இடுவதற்கு முன்பே புல்லை எடுத்துவிட்டால் மனம் கஷ்டப்படாது. ஆண் குருவி விடாது, திரும்பத் திரும்பக் கொண்டுவரும். அப்போது சில வாரம் வாசலை அடைத்து வையுங்கள். பனிவரகும் உடைத்த மக்காச்சோளமும் கலந்த மலிவுத் தீவனத்தை நிறுத்துங்கள். குருவிக் கூட்டத்தை அழைத்து வருவதே அதுதான். புளூபேர்ட் முதல் முட்டை இட்ட பிறகு, குருவியை மிரட்ட, கூரையைத் தொட்டு ஆடும்படி மினுமினுப்பான மைலார் (பிளாஸ்டிக் தாள்) பட்டைகளைக் கட்டலாம். முட்டைக்கு முன்பே கட்டினால் புளூபேர்டும் மிரண்டு போய்விடும். இதெல்லாம் முடியாது என்றால் பெட்டியைக் கழற்றிவிடுங்கள். குருவி வளர்க்கும் பெட்டியைவிடப் பெட்டி இல்லாததே மேல்.

கேள்வி: புளூபேர்டுக்குத் தீனியாகப் போடும் மீல்வோர்ம் புழுவை உயிரோடு வாங்குவதா, காய்ந்ததா? (அட்லாண்டா)

உயிருள்ளதற்குத்தான் ஈர்ப்பு அதிகம். கோதுமைத் தவிட்டில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். "சூப்பர்வோர்ம்" என்ற பெரிய புழுவை மாற்றி வாங்கிவிடாதீர்கள், அது ஃபிரிட்ஜில் செத்துப்போகும். காய்ந்தது வாங்கினால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் போடுங்கள். ஒரு பறவைக்கு ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து, நாளுக்கு இரண்டு வேளை போதும். இந்தப் புழுவில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. முட்டையிடும் காலத்தில் கால்சியம் கார்பனேட் தூளை மேலே தூவுங்கள்.

கேள்வி: பெட்டியை எத்தனை முறை திறந்து பார்க்கலாம்? புல்தரைக்கு மருந்தடிக்க ஆண்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம், பரவாயில்லையா? (சார்லட்)

வாரம் ஒருமுறை, பகலில், ஒரு நிமிடத்துக்குள். குஞ்சுக்கு 12 நாள் ஆன பிறகு திறக்க வேண்டாம். பறக்கும் பக்குவம் வருமுன் பயந்து குதித்துவிடும். பறந்து போனதும் பழைய கூட்டை எடுத்துவிட்டால் அதே ஆண்டில் இன்னொரு ஈடு முட்டைக்கு வரலாம்.

புளூபேர்ட் குஞ்சுக்கு ஊட்டுவதே புல்தரைப் பூச்சிகளைத்தான். ஒப்பந்தத்தை முழுதாக ரத்து செய்ய வேண்டியதில்லை. வேர்ப்புழுவுக்கும் பூச்சிக்கும் அடிக்கும் மருந்தை மட்டும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை நீக்கச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதை, அன்று மருந்தடிக்க வரும் ஆளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.