மாஸ்க் போட்டும் ஊசி போட்டும் ஃபுளூ வருகிறதே, பிறகு எதற்கு?

யாழ்ப்பாணத்தில் மாரி தொடங்கினால் வீட்டுக்கு வீடு தடிமன், காய்ச்சல். மாஸ்க்கும் ஊசியும் உண்மையில் பரவலைக் குறைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறைக்கும், ஆனால் முழுதாக நிறுத்தாது.

ஃபுளூ தொற்றியவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே வைரஸைப் பரப்பத் தொடங்கிவிடுவார். மழைக்குக் கண்ணாடியை இழுத்து மூடிவிட்டுப் பருத்தித்துறை பஸ்ஸில் நெருக்கியடித்து நின்றால், யாரிடமிருந்து வந்தது என்றே தெரியாது. இருமுகிறவரே மாஸ்க் போட்டால் பலன் அதிகம்; துளிகள் வெளியேறும் இடத்திலேயே தடைப்படும். சத்திரசிகிச்சை மாஸ்க்கில் நடு அடுக்குக்கு மின்னேற்றம் உண்டு, நுண்துளிகளை ஈர்த்துப் பிடிப்பது அதுதான். கழுவிக் கொடியில் காயப்போட்டால் அந்தச் சக்தி போய்விடும். மூக்குக்குக் கீழே தொங்கவிடுபவர்களுக்கு என்னத்தைச் சொல்ல!

ஃபுளூ தடுப்பூசி, வைரஸை எதிர்க்க உடம்பைப் பழக்க சுமார் 2 கிழமை எடுக்கும். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால்தான் வருடா வருடம் போடச் சொல்கிறார்கள். ஊசியில் எந்த வைரஸ் வகைகளைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும் பரிந்துரைக்கிறது. பரவும் வைரஸுக்கு ஊசி நன்றாகப் பொருந்திய வருடத்தில் நோய்வாய்ப்படும் அபாயம் ஏறக்குறைய 40 முதல் 60 வீதம் குறையும். வந்தாலும் ஆஸ்பத்திரியில் கிடக்கும் நிலை குறைவு. அம்மம்மா, கர்ப்பிணிகள், சலரோகம், ஆஸ்மா உள்ளவர்கள் முதலில் போடட்டும்.

அப்புறம், மாரியில் டெங்குவும் எலிக்காய்ச்சலும் நம்மூரில் உண்டு. இந்த ஊசி அவற்றைத் தடுக்காது. காய்ச்சல் 2 நாளில் விடாவிட்டால் டொக்டரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.