டிராகுலாவைக் கலாய்க்கும் படங்களில் எதை முதலில் பார்க்கலாம்?

டிராகுலா கதைகளைக் கிண்டலடிக்கும் படங்களில் எது நல்லது, பழைய திகில் படங்களைப் பார்க்காமலே இவற்றை ரசிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தெரிந்துகொண்டு உட்காருங்கள்: ரத்தக் காட்டேரி கண்ணாடியில் தெரியாது. எனக்குப் பிடித்த காட்சிகளில் பாதி இதிலிருந்து பிறந்தவைதான்.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலில் (1897), காட்டேரியின் கோட்டைக்கு விருந்தாளியாக வந்த ஹார்க்கர் சவரம் செய்துகொண்டிருப்பான். தோளில் ஒரு கை விழும். டிராகுலா பிரபு பக்கத்திலேயே நிற்கிறார், ஆனால் கண்ணாடியில் ஆளே இல்லை. பெலா லுகோசி நடித்த 1931 படத்தில், டிராகுலாவை வேட்டையாடும் வான் ஹெல்சிங் ஒரு சிகரெட் பெட்டியைத் திறந்து அதன் மூடியிலுள்ள கண்ணாடியைக் காட்டுவார். டிராகுலா அதைத் தட்டிவிட்டு உடைப்பார். இரண்டுமே பயமுறுத்த எழுதப்பட்டவை.

இனி ரோமன் போலன்ஸ்கியின் 'தி ஃபியர்லெஸ் வேம்பயர் கில்லர்ஸ்' (1967). ஒரு தள்ளாத பேராசிரியரும் அவருடைய பயந்தாங்கொள்ளி உதவியாளனும் காட்டேரிகளின் நடன விருந்துக்குள் மாறுவேடத்தில் நுழைந்துவிடுகிறார்கள், கடத்தப்பட்ட பெண்ணை மீட்க. கூட்டத்தோடு கூட்டமாக ஆடிக்கொண்டே அவளிடம் திட்டத்தைக் கிசுகிசுக்கிறார்கள். ஆட்டம் மெல்ல நகர்ந்து ஒரு பெரிய கண்ணாடிக்கு முன்னால் வந்து நிற்கிறது. அறை முழுக்க ஆட்கள், கண்ணாடியில் மூன்றே பேர்! சிரிப்பும் வரும், முதுகும் சில்லிடும். இரண்டையும் ஒன்றாகத் தருவதுதான் இந்த வகைப் படத்தின் உச்சம் என்று நினைக்கிறேன்.

மெல் புரூக்ஸின் 'டிராகுலா: டெட் அண்ட் லவிங் இட்' (1995) வந்தபோது விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பல ஜோக்குகள் எடுபடவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் டிராகுலாவாக வரும் லெஸ்லி நீல்சன் நாயகி மினாவோடு ஆடும் காட்சிக்காக நான் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். விருந்தினர்கள் கண்ணாடியில் பார்க்கிறார்கள்: அந்தப் பெண் மட்டும் துணையே இல்லாமல் சுழன்றுகொண்டிருக்கிறாள். அப்புறம், டிராகுலாவின் நிழல் அவர் பேச்சைக் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்வதும் அருமை. 1992-ல் கொப்போலா எடுத்த படத்தில் திகிலாக வந்த நிழல் அது.

ஜார்ஜ் ஹாமில்டன் நடித்த 'லவ் அட் ஃபர்ஸ்ட் பைட்' (1979) படத்தில் ருமேனிய அரசு டிராகுலாவைக் கோட்டையை விட்டுக் காலி செய்யச் சொல்ல, அவர் நியூயார்க்குக்குக் கிளம்புகிறார். நல்ல கற்பனை, ஒரு முறை பார்க்கலாம்.

சரி, முதலில் எது? 'வாட் வி டூ இன் தி ஷேடோஸ்' (2014). தைகா வைடிடியும் ஜெமைன் கிளமென்டும் இயக்கி நடித்தது. வெலிங்டனில் ஒரே வீட்டில் குடியிருக்கும் காட்டேரிகளை ஆவணப்படக் குழு பின்தொடர்வது போல எடுத்திருக்கிறார்கள். பாத்திரம் கழுவுவது யார் முறை என்று சண்டை வரும். வீட்டுக்கு அழைத்து வந்த பெண்ணைக் கடிப்பதற்கு முன், ரத்தம் பட்டு வீடு பாழாகக் கூடாதென்று அவர்களில் ஒருவனான வியாகோ அக்கறையாகச் செய்தித்தாள் விரிப்பான். கடித்ததும் பெரிய ரத்தக்குழாய் பிய்த்துக்கொண்டு எங்கும் பீய்ச்சியடிக்கும். கண்ணாடி இங்கேயும் உண்டு. வெளியே கிளம்பும்போது தாங்கள் எப்படி இருக்கிறோம் என்று தெரியாததால், ஒருவரை ஒருவர் படம் வரைந்து காட்டிக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் எனக்கு அவர்கள் மேல் பாசமே வந்துவிட்டது.

நேரம் இருந்தால் அதற்கு முன் 1931 படத்தையும் பார்த்துவிடுங்கள், ஒன்றேகால் மணி நேரம்தான். ரத்தம் பார்த்தால் தலை சுற்றும் என்றால், வியாகோ கடிக்கும் இடத்திலும், 1995 படத்தில் காட்டேரியாக மாறிய லூசியின் நெஞ்சில் மரமுளையை அடிக்கும் இடத்திலும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். குடம் குடமாகக் கொட்டும்.