கரடி எதிரே வந்தால்… வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: காட்டில் கரடியைப் பார்த்தால் செத்தவர் போலப் படுத்துவிட வேண்டும் என்கிறார்களே, சரியா?

பதில்: பார்த்தவுடனேயே படுப்பது தவறு. முதலில் அசையாமல் நில்லுங்கள். ஓடவே கூடாது. பழுப்புக் கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஓடுகிற எதையும் துரத்தத் தோன்றுவது அதன் சுபாவம். மரத்தில் ஏறியும் பயனில்லை, அமெரிக்கக் கருங்கரடி உங்களைவிட வேகமாக ஏறும். கரடியைக் கவனித்தபடி, தணிந்த குரலில் பேசிக்கொண்டே, பக்கவாட்டில் மெல்ல விலகுங்கள். அது பின்னங்கால்களில் எழுந்து நின்றால் பாயப்போகிறது என்று பதற வேண்டாம். பெரும்பாலும் மோப்பம் பிடித்து, நீங்கள் யார் என்று பார்க்கிறது, அவ்வளவுதான். சில சமயம் பாய்ந்து வந்து, சில அடி தூரத்தில் சட்டென்று நின்று திரும்பிவிடும். அந்த நேரத்தில் நின்ற இடத்திலேயே நிற்பது மிகக் கடினம். ஆனாலும் நிற்கத்தான் வேண்டும்.

படுப்பது கடைசிக் கட்டம். குட்டியையோ இரையையோ காக்கப் பழுப்புக் கரடி உங்கள் மேல் விழுந்துவிட்டால் மட்டும் குப்புறப் படுங்கள். முதுகுப் பையைக் கழற்றாதீர்கள், அதுதான் கவசம். விரல்களைக் கோத்துப் பிடரியை மூடிக்கொள்ளுங்கள். கால்களை அகட்டி வைத்தால் கரடியால் எளிதில் புரட்ட முடியாது. புரட்டிவிட்டால் உருண்டு மறுபடி குப்புற வந்துவிடுங்கள். பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். கடி நின்றதும் எழுந்துவிடுகிறார்கள். கரடி சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம், அசைவைக் கண்டால் திரும்பி வரும். அது போய்விட்டது என்று உறுதியாகும்வரை சில நிமிடங்கள் மூச்சுகூடச் சத்தமில்லாமல் படுத்திருங்கள்.

அமெரிக்கக் கருங்கரடி தாக்கினால் படுக்கவே கூடாது. கையில் கிடைக்கும் கல்லாலும் கட்டையாலும் மூக்கிலும் கண்ணிலும் அடியுங்கள். உங்களை வெகுதூரம் பின்தொடர்ந்து வந்து தாக்கினாலோ, இரவில் கூடாரத்துக்குள் நுழைந்தாலோ, எந்த வகைக் கரடியானாலும் இதேபோல் எதிர்த்து அடிக்க வேண்டும். அது தன்னைக் காக்க வரவில்லை, உங்களை இரையாகப் பார்க்கிறது.

கேள்வி: அந்தப் பதற்றத்தில் எந்தக் கரடி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நிறத்தை நம்பாதீர்கள். பழுப்பு நிறத்தில் கருங்கரடிகளும் உண்டு. தோள்களுக்கு நடுவே தசைத் திமில் இருந்தால் பழுப்புக் கரடி. அதன் முகம் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே குழிந்திருக்கும், காதுகள் சிறியவை. கருங்கரடிக்குத் திமில் கிடையாது, முகம் நேராக இறங்கும்.

கேள்வி: கரடி ஸ்ப்ரே (கரடியை விரட்டும் மிளகாய்க் காரத் தெளிப்பான்) வாங்கியிருக்கிறேன். எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: முதலில் அது எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்! பைக்குள் இருந்தால் இல்லாததற்குச் சமம். இடுப்பிலோ மார்புப் பட்டையிலோ மாட்டி, ஒரே கையால் உருவிப் பழகுங்கள். டப்பாவின் மேலுள்ள பாதுகாப்புப் பூட்டைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து எடுக்க வேண்டும். கரடி பாய்ந்து வரும்போது சுமார் 9 மீட்டர் தூரத்தில், சற்றுக் கீழ்நோக்கிப் பிடித்து அழுத்துங்கள். கரடியின் மேல் படுவதைவிட, அது ஓடிவரும் வழியில் மிளகாய்க் காரப் புகைமூட்டம் எழுவதுதான் முக்கியம். உயரே அடித்தால் புகை அதன் தலைக்கு மேலே போய்விடும். மொத்தமே சில வினாடிகளில் தீர்ந்துவிடும் என்பதால் விட்டுவிட்டு அடியுங்கள். மனிதர் மேல் அடிக்கும் சிறிய தற்காப்பு ஸ்ப்ரே இதற்கு ஈடாகாது. அது அவ்வளவு தூரம் போகாது. காலாவதித் தேதி தாண்டினால் உள்ளழுத்தம் குறையும், மாற்றிவிடுங்கள்.

கொசு மருந்து மாதிரி உடம்பிலும் கூடாரத்திலும் முன்கூட்டியே தெளிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். காய்ந்த மிச்சத்தின் வாசனை கரடியை வரவழைக்கும்.

கேள்வி: கூடாரத்துக்குள் பற்பசை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. சோப்பு, உதட்டு மருந்து, சமைத்தபோது போட்டிருந்த சட்டை எல்லாமே கரடிக்கு உணவு வாசனைதான். சமையலும் உணவுச் சேமிப்பும் கூடாரத்திலிருந்து 100 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். கரடி திறக்க முடியாத டப்பா நல்லது. இல்லையென்றால் மரத்தில் 3 மீட்டருக்கு மேல் உயரத்தில், அடிமரத்திலிருந்து 1.2 மீட்டர் தள்ளித் தொங்கவிடுங்கள்.